சங்கக் கணக்கை லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்



மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த அடுத்த வாரம் கோயில் சுவரில் ஒரு தாள் ஒட்டப்படும். எந்த லயத்தில் எவ்வளவு சேர்ந்தது, மேளத்துக்கு எவ்வளவு, பூசாரிக்கு எவ்வளவு, லைட்டுக்கு எவ்வளவு, மிச்சம் யார் கையில் என்று அதில் இருக்கும். நூறு ரூபா இடித்தால்கூட மறுநாள் பிரட்டுக்களத்தில் கேள்வி வந்துவிடும். மரண உதவிச் சங்கத்திலும் அப்படித்தான். பிணம் எடுப்பதற்கு முன்பே யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது முழு டிவிஷனுக்கும் தெரியும்.

சரி, மாதாமாதம் வருடக்கணக்கில் நாம் சந்தா கட்டி வந்த தொழிற்சங்கத்தின் கணக்கை எந்தச் சுவரிலாவது பார்த்தவர் இருக்கிறாரா?

இந்தக் கேள்வி ஏதோ ஒரு சங்கத்தை மட்டும் குறிவைத்தது அல்ல. மலையகத்தில் சந்தா வாங்கும் எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். நம் சங்கமும் அதில் அடக்கம். சங்கப் பத்திரிகையிலேயே இதை எழுதுவது சரியா என்று சிலர் கேட்கக்கூடும். சங்கப் பணத்தைப் பற்றிப் பேச இதைவிட்டால் வேறு இடம் எது?

எழுதியவர் கையில் இருந்த கணக்கு

கணக்கு என்ற சொல்லைக் கேட்டால் நம் சனத்துக்கு ஏன் ஒரு பயம் என்பதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கணக்கு பெரியாங்கங்காணியின் கையில் இருந்தது. கப்பல் செலவு, அரிசி, கம்பளி, கொடுத்த முன்பணம் எல்லாம் அவர் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதவர் தலையில் கடன் ஏறிக்கொண்டே போகும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால் கடனும் ஆளும் அவர் பக்கம் போகும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனியாகக் காசு கிடைத்தது.

1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தாலும் அது விட்டுச்சென்ற பழக்கம் ஒழியவில்லை. “கணக்கு பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு என்ன தெரியும்” என்ற பழக்கம்தான் அது. கங்காணியின் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சங்கம் கையால் சேர்ந்த காலம்

1931 இல் கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது சங்கத்தார் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றம். புடவை வியாபாரி வேடத்தில் அவர் லயத்துக்குள் போன கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1939 இல் இலங்கை இந்திய காங்கிரஸும் அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் வந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாவில் தோழர் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். அந்தக் காலத்துச் சந்தா சதக் கணக்குத்தான். ஆனால் அது கையிலிருந்து கைக்குப் போனது. வாங்க வந்தவர் லயத்து வாசலில் நின்று ஏன் வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. கொடுத்தவரும் போன மாதம் கொடுத்தது என்ன ஆனது என்று முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது.

பிறகு செக்ரோலில் சந்தா பிடிக்கும் முறை வந்தது. தொழிலாளி ஒருமுறை கையெழுத்து வைத்தால் போதும். தோட்டக் காரியாலயம் மாதம் தவறாமல் சம்பளத்தில் வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். இதில் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. சங்கத்துக்கு நிச்சயமான வருமானம் கிடைத்தது. அதனால் காரியாலயம் வைக்க முடிந்தது, முழுநேரப் பிரதிநிதிகளை நியமிக்க முடிந்தது. வழக்கை நடுவழியில் விடாமல் நடத்த முடிந்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்தோம். கையில் வாங்காத காசைக் கொடுத்த மாதிரியே நமக்குத் தோன்றவில்லை. சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப்., தேயிலைத்தூள், கோயில், கடன் என்று வரிசையாக வெட்டுகள் இருக்கும்போது சந்தாவும் அவற்றில் ஒன்றாகப் போனது. அந்தப் பக்கம், சங்கத்தின் பணம் லயத்திலிருந்து வரவில்லை, துரையின் காரியாலயத்திலிருந்து காசோலையாக வந்தது. பணம் எந்த வாசலில் இருந்து வருகிறதோ அந்த வாசலைத்தான் கண் பார்க்கும்.

2021 கற்றுத்தந்தது

2021 இல் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று தீர்மானமானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அதோடு பல தோட்டங்களில் சந்தா பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. இது சங்கங்களின் கழுத்தை நெரிக்கச் செய்த வேலை என்பதில் சந்தேகம் வேண்டாம். அதைக் கண்டிக்கிறோம், என்றும் கண்டிப்போம்.

ஆனால் கம்பனியின் ஒரே முடிவில் சங்கங்கள் ஏன் இப்படித் தள்ளாடின? கையெழுத்து வைத்த அத்தனை பேரும் நம் அங்கத்தவர்கள்தானே? அவர்கள் வாசலுக்குப் போய்க் கையால் வாங்கியிருக்கலாமே? போய்க் கேட்டபோது வந்த பதில் எல்லோருக்கும் தெரியும்: “இத்தனை வருடம் வெட்டினீர்களே, அது எங்கே போனது?” அந்தக் கேள்விக்குக் கையில் ஒரு தாளோடு பதில் சொன்ன சங்கத்துக்குச் சந்தா கிடைத்திருக்கும். தாள் இல்லாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். கம்பனி வெட்டியது பணம் வரும் குழாயை மட்டுந்தான். நம்பிக்கையை வெட்டியது நாம் காட்டாமல் வைத்த கணக்கு.

ஒரு சிறிய சங்கத்தின் கணக்கு எப்படி இருக்கும்

வகுப்பில் பிள்ளைகளுக்கு நூற்றுவீதம் கற்பிக்கும்போது போடுகிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தச் சங்கத்தின் உண்மைக் கணக்கும் அல்ல, விளங்கிக்கொள்வதற்கான உதாரணம்.

2,000 அங்கத்தவர்கள், ஆளுக்கு மாதம் 150 ரூபா என்று வைப்போம். மாத வரவு 3 இலட்சம். கேட்கப் பெரிய தொகை. இனிச் செலவு: டவுனில் காரியாலய வாடகை 35,000. இரண்டு பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு 50,000 வீதம் 1 இலட்சம். ஒரு கிளார்க்குக்கு 35,000. மின்சாரம், போன், கடதாசி 20,000. பஸ், முச்சக்கரவண்டி, எரிபொருள் 40,000. பத்திரிகை அச்சடிக்க 30,000. மொத்தம் 2 இலட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 40,000, அதாவது வருடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம்.

தொழில் நியாய சபை வழக்கு, வேலைநிறுத்தக் கால உதவி, விபத்தில் விழுந்தவருக்குக் கொடுப்பது, தலைவிமாருக்குப் பயிற்சி எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான் வர வேண்டும். இப்போது மே தினம் வருகிறது. 15 பஸ், ஒன்றுக்கு 25,000 என்றால் 3 இலட்சத்து 75 ஆயிரம். ஆண்டு முழுவதும் மிஞ்சியதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே நாளில் போய்விட்டது! கூட்டத்தைப் பார்த்து மேடையில் கைதட்டுகிறார்கள். அடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தங்கச்சிக்குச் சட்டத்தரணி வைக்கக் காசு இல்லை என்கிறார்கள். மே தினம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பஸ் என்பதை அந்தக் காசைக் கொடுத்தவர்கள் தீர்மானிக்கட்டும் என்கிறேன்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 2,000 பேரில் 300 பேர் விலகினால் வரவு 2 இலட்சத்து 55 ஆயிரமாகக் குறையும். வாடகை குறையுமா? கிளார்க்கின் சம்பளம் குறையுமா? குறையாது. நூற்றுக்குப் பதினைந்து பேர் போனாலே மிச்சம் முழுவதும் கரைந்து 5,000 ரூபா பற்றாக்குறை வந்துவிடும். சிறிய சங்கத்தின் பலவீனம் இதுதான். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம் என்கிறது சட்டம். ஆகவே கோபம் வந்தவர் எல்லாம் தனிச்சங்கம் தொடங்குகிறார். ஒரே டிவிஷனில் நாலு சங்கம். நாலு காரியாலயம், நாலு வாடகை, நாலு வாகனம். பணம் முழுவதும் வாடகைக்கும் டீசலுக்கும் போகிறது. இதைப் பார்த்துச் சிரிப்பவர் துரை மட்டுந்தான்.

ஆள் குறைகிறது, பணமும் தேய்கிறது

1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது செக்ரோலில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் பலரைக் கைக்காசுக்கும், தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கும் தள்ளுகிறார்கள். செக்ரோலில் பேர் இல்லாதவருக்கு ஈ.பி.எஃப். இல்லை. பல சங்கங்கள் அவர்களை அங்கத்தவராகவும் பார்ப்பதில்லை. செக்ரோலை மட்டும் நம்பிய சங்கம் செக்ரோலோடு சேர்ந்து சுருங்கும்.

சேமிப்பின் கதையும் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருடத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 கூடியிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் ஒரு சங்கம் 1 இலட்சம் ரூபாவைச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிட்டு மறந்திருந்தால், அதன் வாங்கும் சக்தி 60,000 ரூபாவுக்கும் கீழே போயிருக்கும். யாரும் திருடவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது. எவ்வளவு இருப்பு, எந்த வங்கியில், என்ன வட்டியில் என்று கேட்க ஆள் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். கணக்குக் கேட்பது கள்ளனைப் பிடிக்க மட்டும் அல்ல. நல்லவர் கையில் இருக்கும் பணம் வீணாகாமல் பார்ப்பதற்கும் அது வேண்டும்.

சந்தாத் தொகையையும் நேர்மையாகப் பேசுவோம். 2019 இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 25 நாள் வேலை கிடைத்தால் 17,500. அதில் 150 ரூபா நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல். 2024 இல் 1,350 ஆனது. 25 நாளுக்கு 33,750. அதே 150 ரூபா இப்போது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. ஆனால் பஸ் கட்டணமும் அச்சுக்கூலியும் சம்பளத்தைவிட வேகமாக ஏறியிருக்கின்றன. ஆகவே சந்தாவைக் கூட்ட வேண்டும் என்று தலைவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கலாம். நம் பதில் ஒன்றுதான்: முதலில் கணக்கைக் காட்டுங்கள், பிறகு கூட்டுவதைப் பேசுவோம்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

“கணக்கை வெளியே விட்டால் கம்பனிக்கு நம் பலவீனம் தெரிந்துவிடும்.” பதிந்த சங்கம் ஒவ்வொரு ஆண்டும் கணக்காய்வு செய்த வரவு செலவு அறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். செக்ரோலில் சந்தா பிடித்த காலத்தில் எத்தனை அங்கத்தவர், எவ்வளவு வரவு என்பதைக் கம்பனியே எண்ணி அனுப்பியது. பதிவாளருக்கும் தெரியும், கம்பனிக்கும் தெரியும். கொழுந்து எடுத்துக் காசு கொடுத்தவளுக்கு மட்டும் தெரியக்கூடாதா?

“எங்களில் நம்பிக்கை இல்லையா?” நம்பிக்கை இருப்பதால்தான் சந்தா கட்டுகிறோம். தராசில் கொழுந்து நிறுக்கும்போது நாம் முள்ளைப் பார்ப்பதில்லையா? கணக்கப்பிள்ளை கோபித்தால் பார்ப்பதை விட்டுவிடுகிறோமா? இரண்டு கிலோ குறைந்தால் சண்டை போடச் சொல்லித்தருவது சங்கம்தான். அந்தச் சங்கம் தன் தராசை மட்டும் மூடிவைக்கலாமா?

“தோட்டத்துச் சனத்துக்குக் கணக்கு விளங்காது.” இதைச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். கூப்பன் காலத்திலிருந்து இன்றுவரை, வராத சம்பளத்தைக்கொண்டு ஐந்து பேருக்குச் சோறு போடுகிறாள் நம் வீட்டுப் பெண். சீட்டுப் பிடிக்கிறாள். அடகுக்கு வட்டி பார்க்கிறாள். அவளுக்கு விளங்காத கணக்கா? இன்று ஒவ்வொரு லயத்திலும் ஓ.எல். படித்த பிள்ளை இருக்கிறது. ஏ.எல். வர்த்தகம் படித்தவர்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். வாசித்துக் காட்ட ஆள் உண்டு. வாசிக்கத் தாள்தான் இல்லை.

“அப்படியானால் எல்லாரும் கள்ளர், இனிச் சந்தாவே கட்டமாட்டேன்.” இது நம் பக்கத்திலிருந்து வரும் சாக்கு, இதுவும் தவறுதான். சந்தா கட்டாதவருக்குக் கேட்கும் உரிமையும் இல்லாமல் போகும். காசில்லாத சங்கம் யார் காசு கொடுக்கிறாரோ அவர் சொல்வதைக் கேட்கும். அரசியல்வாதி கொடுத்தால் அவர் பேச்சு, வெளிநிறுவனம் கொடுத்தால் அதன் திட்டம், கம்பனி கொடுத்தால் சொல்லவே வேண்டாம். ஒரு சங்கம் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமென்றால் அதன் செலவை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கட்சியின் பணப்பையும் சங்கத்தின் பணப்பையும்

இந்தக் கலப்பு எப்படி வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் நம் சனம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், அடுத்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாத சனத்துக்கு இருந்த ஒரே மேடை தொழிற்சங்கம்தான். சங்கமே கட்சியின் வேலையையும் செய்ய வேண்டிவந்தது. அது அந்தக் காலத்தின் கட்டாயம்.

இன்று நமக்கு வாக்கு இருக்கிறது. கட்சிக்குக் கொடுக்க விரும்புகிறவர் கட்சிக்குக் கொடுக்கட்டும். ஆனால் பிரதேச சபைத் தேர்தல் போஸ்டருக்கும், பாராளுமன்ற வேட்பாளரின் வாகனத்துக்கும் கொழுந்துக்காசு ஏன் போக வேண்டும்? 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமே சங்கத்தின் பொதுநிதி எதற்குச் செலவாகலாம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. நிர்வாகம், கணக்காய்வு, வழக்கு, தொழிற்பிணக்கு, அங்கத்தவரின் மரணம், நோய், விபத்து, முதுமை போன்றவற்றுக்கான உதவி அதில் உண்டு. தலைவரின் வாகனத்துக்குப் புது டயர் அந்த வரிசையில் இல்லை.

அதே சட்டம், பொருளாளர் அங்கத்தவர்களுக்கு உண்மையான கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட அங்கத்தவருக்கு உரிமை உண்டு என்கிறது. அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சங்கங்களைக் கண்காணிக்கத்தான் அதைக் கொண்டுவந்தான். ஆனாலும் அங்கத்தவர் கையில் அது ஒரு ஆயுதம். எடுத்துப் பாவிக்கவில்லை என்பதுதான் நம் குறை.

நாம் கேட்பது

வரும் பேராளர் மாநாட்டுக்கு நம் கிளையிலிருந்து இந்தக் கோரிக்கைகளை அனுப்புகிறோம். மற்றக் கிளைகளும் சேர்ந்து அனுப்புங்கள்.

1. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் ஒவ்வொரு டிவிஷனிலும் லயத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

2. கையால் வாங்கும் ஒவ்வொரு சந்தாவுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. சீட்டு இல்லாமல் யாரும் வாங்கக்கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது.

3. ஒவ்வொரு கிளையிலும் மூன்று பேர் கொண்ட கணக்குப் பார்க்கும் குழு. அதில் இரண்டு பேராவது பெண்கள். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாவிலும் பெரும்பங்கு அவர்களுடையது. ஆனால் பொருளாளர் நாற்காலியில் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறோம்?

4. வழக்குக்கும் போராட்டத்துக்கும் தனி நிதி. ஒவ்வொரு சந்தாவிலும் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும். மே தினம் உட்பட வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது.

5. தேர்தல் செலவுக்குப் பொதுநிதியிலிருந்து ஒரு சதமும் இல்லை.

6. கைக்காசுக்கு வேலை செய்பவரையும், காணி பிரித்துக் கொடுக்கப்பட்டவரையும் குறைந்த சந்தாவில் அங்கத்தவராகச் சேர்க்க வேண்டும்.

7. கம்பனிகள் நிறுத்திய சந்தா அறவீட்டை மீண்டும் பெறப் போராடுவோம். அது கிடைத்தாலும் மேலே சொன்ன ஆறும் நிற்கக்கூடாது.

தோழர்களே, இதில் எதற்கும் துரையின் அனுமதி வேண்டாம். அமைச்சரின் கையெழுத்தும் வேண்டாம். சம்பளத்தைக் கூட்டச் சம்பளச் சபை கூட வேண்டும், காணி உறுதிக்கு அரசாங்கம் மனம் வைக்க வேண்டும். சங்கக் கணக்கைத் திறக்க நாம் கேட்டால் போதும். அடுத்த கிளைக்கூட்டத்தில் தலைவர் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து நில்லுங்கள். “ஐயா, போன வருட வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் எழுந்து நிற்கட்டும்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், கிளை அமைப்பாளர்